நகைமுகத்து நல்லமைச்சர் சரோஜினி தேவியார்

சிக்கந்தராபாத்தில் வாழும் நம்மவர் நாள்தோறும் எஸ்.டி. ரோடு வழியே சென்று வருகின்றோம். கண்ணுக்கு ஊறு நேர்ந்தால் சரோஜினி தேவி கண் மருத்துவமனையை நாடுகின்றோம். எஸ்.டி. என்னும் அவ்விரண்டு எழுத்துகளும் சரோஜினி தேவி என்னும் பெயரின் சுருக்கமே என்பதை நம் சிறுவருள் எத்துணைப் பேர் அறிவர்? பெயர் நாவில் பழகிவிட்டது. பெயருக்குரியவர் நினைவிலிருந்து அகன்றுவிட்டார். நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் எழுதுமாறு அன்பர்கள் பணித்தபோது, இந்நகரம் ஈன்ற அவ்வம்மையாரின் வாழ்வையே எழுதத் துணிந்தேன். மெட்ரிகுலேஷன் அளவே கற்று, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் எளியேன் யான். சொற்குற்றம் பொருட்குற்றம் உளவேல் அறிஞர் பொறுத்தருள்க.

சரோஜினி தேவியாரைக் கவிக்குயில் என்பர். விடுதலைப் போர் வீராங்கனை என்பர். இரண்டும் உண்மையே. ஆயின் அவரிடம் இவ்விரண்டினும் அரிய பண்பு ஒன்று இருந்தது. அது சிரித்துக்கொண்டே மெய் கூறும் ஆற்றல். வள்ளுவப் பெருந்தகை அமைச்சர்க்குரிய கடமையைக் கூறுங்கால், தலைவன் அறியாதவனாயினும் அறிவுரையை அழித்துப் பேசுபவனாயினும், அருகிருப்பவன் உறுதியானதை எடுத்துரைத்தே ஆகவேண்டும் என்கிறார். அவ்வாறு உரைப்பது எளிதோ? உண்மையை உரைத்தால் தலைவனுக்குச் சினம் வரும். உரையாவிடில் நாட்டிற்குக் கேடு வரும். இவ்விரண்டிற்கும் நடுவே நகைச்சுவை என்னும் ஒற்றையடிப் பாதையைக் கண்டு, அதில் வாழ்நாள் முழுதும் நடந்தவர் தேவியார். அவர் எந்த அமைச்சரவையிலும் இடம்பெற்றவர் அல்லர். எனினும் காந்தியடிகளுக்கும் நேருவுக்கும் ஜின்னாவுக்கும் அருகிருந்து, அஞ்சாது பேசிய அறிவுரையாளர் அவர். அப்பொருளிலேயே அவரை நல்லமைச்சர் என்றேன்.

வந்தேறிய குடியும் வாய்விட்ட சிரிப்பும்

சரோஜினி தேவியார் 1879-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 13-ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். பெற்றோர் இந்நாட்டினர் அல்லர். தந்தையார் அகோரநாத் சட்டோபாத்தியாயர் கீழை வங்கத்து டாக்கா மாவட்டத்துப் பிராமணக் குடியில் தோன்றி, எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பேரறிஞர் பட்டம் பெற்றவர். நிஜாம் அரசின் அழைப்பை ஏற்று இங்கு வந்து, பின்னாளில் நிஜாம் கல்லூரியாக மலர்ந்த கல்விக்கூடத்தை நிறுவி நடத்தினார். தாயார் வரதசுந்தரி தேவி வங்க மொழியில் பாடல் புனையும் திறம் வாய்ந்தவர். மக்கள் எண்மர், அவருள் மூத்தவர் சரோஜினி. பிழைப்பின் பொருட்டும் பணியின் பொருட்டும் பிறந்த ஊரை விட்டு இங்கு வந்து வேரூன்றிய நம் குடும்பங்களைப் போன்றதே அக்குடும்பமும் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் நன்று.

அகோரநாதரின் இல்லம் ஒரு சத்திரம் போன்றது. இந்துக்களும் இஸ்லாமியரும், கற்றோரும் பித்தரும், செல்வரும் இரவலரும் அங்கு ஒருங்கே கூடுவர். செம்பைப் பொன்னாக்கும் இரசவாதத்தில் அவருக்குத் தணியாத வேட்கை. தேடிய பொருளில் பெரும்பகுதியைப் பிறருக்கு ஈந்தும், எஞ்சியதை இரசவாதத்தில் இழந்தும் அவர் ஒருநாளும் முகம் சுளித்தவர் அல்லர். நீண்ட வெண்தாடியும், கூரை அதிரும் சிரிப்பும் அவர் அடையாளங்கள் என்று மகளாரே பின்னாளில் எழுதியுள்ளார். தேவியாரின் நகைச்சுவை எங்கிருந்து வந்தது என்று வேறிடத்தில் தேடவேண்டுவதில்லை.

அச்சிரிப்புக்குப் பின்னே உறுதியும் இருந்தது. ரயில்வேத் தொழிலாளராகிய நாம் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1883-ஆம் ஆண்டில் சாந்தா ரயில்வேத் திட்டம் என்றொன்று எழுந்தது. ஐதராபாத் இராச்சியத்து இருப்புப்பாதையை நீட்டுவதற்காக ஆங்கில முதலாளிகளோடு செய்துகொள்ளவிருந்த ஏற்பாடு அது. அதனால் அரசின் கருவூலத்திற்குப் பெருஞ்சுமை நேரும் என்றும், அதன் விவரங்களை மக்கள் அறியச் செய்தல் வேண்டும் என்றும் சிலர் குரல் எழுப்பினர். அவருள் முன்னின்றவர் அகோரநாதரும், முல்லா அப்துல் கயூம் என்னும் பெரியாரும் ஆவர். பயன் என்ன? அகோரநாதர் பணியினின்று நீக்கப்பெற்று நாடு கடத்தப்பட்டார். அப்போது மகள் சரோஜினி நான்கு வயதுக் குழந்தை. சில ஆண்டுகளின் பின்னர் அவர் திரும்ப அழைக்கப்பெற்று மீண்டும் கல்விப் பணி ஏற்றார். சாந்தா என்பது இன்றைய மகாராஷ்டிரத்துச் சந்திரபூர். 1929-இல் காஜிபேட்டைக்கும் பல்ஹார்ஷாவுக்கும் இடையே பாதை முடிந்து, சென்னைக்கும் தில்லிக்கும் நேர்வழி பிறந்தது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் அவ்வழியே செல்லும் நம்மவர், அத்திசையில் பாதை நீட்டும் பேச்சு எழுந்த காலத்தில் கணக்குக் கேட்டதற்காக ஊரை இழந்த ஒருவர் இருந்தார் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

மொழியும் கல்வியும்

அவ்வீட்டின் மொழிநிலை நம் இல்லங்களை நினைவூட்டுவது. தாயார் மகளிடம் இந்துஸ்தானியில் பேசுவார். ஆங்கிலம் பேசமாட்டேன் என்று சிறுமி அடம்பிடித்தாள். ஒன்பதாம் வயதில் தந்தையார் அவளை ஒரு பகல் முழுதும் தனியறையில் அடைத்து வைத்தார். அவர் மகளைத் தண்டித்தது அந்த ஒருமுறைதானாம். வெளியே வந்த சிறுமி ஆங்கிலம் பேசினாள். அன்றுமுதல் பெற்றோரிடமும் அம்மொழியையே பேசினாள். வங்கக் கவி பாடும் தாய் இந்துஸ்தானியில் வினவ, மகள் ஆங்கிலத்தில் விடையிறுக்கும் காட்சி! நம் குடியிருப்புகளில் தமிழில் கேட்கும் தாய்க்கு இந்தியிலும் ஆங்கிலத்திலும் விடை கூறும் குழந்தைகள் இல்லையா? தேவியார் உலகப் புகழ் எய்தினார். ஆயின் அப்புகழ் தாயின் மொழியில் எய்திய புகழ் அன்று. ஆங்கிலத்தால் அவர் பெற்றது பெரிது என்பதை மறுப்பார் இலர். அதனோடு தாயின் பாட்டு மகளின் நாவில் தொடரவில்லை என்பதையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். இக்கணக்கில் வரவும் உண்டு, செலவும் உண்டு.

தந்தையார் மகளைக் கணித அறிஞராக்க விரும்பினார். பதினோராம் வயதில் இயற்கணிதக் கணக்கொன்று விடை காட்டாது வருத்த, அதற்கு மாறாகக் கவிதை ஒன்று உள்ளத்தில் தோன்றிற்று. அன்றே அவர் கவிஞரானார். பன்னிரண்டாம் வயதில் சென்னைப் பல்கலைக்கழகத்து மெட்ரிகுலேஷன் தேர்வில் சென்னை மாகாணம் முழுவதற்கும் முதலாவதாகத் தேறினார். அத்தேர்வைப் பதினாறிலும் பதினேழிலும் தட்டுத்தடுமாறிக் கடந்த எம்போன்றோர்க்கு இது வியப்பளிப்பதில் வியப்பில்லை.

1895-ஆம் ஆண்டில் நிஜாம் அரசின் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்றார். இலண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜ் கர்ட்டன் கல்லூரியிலும் பயின்றார். ஆங்கில நாட்டுப் பறவைகளையும் மலர்களையும் பாடி அவர் எழுதிய கவிதைகளைத் திறனாய்வாளர் எட்மண்ட் காஸ் கண்டார். அவற்றை ஒதுக்கிவிட்டு உம் நாட்டு மக்களையும் மலைகளையும் கோயில்களையும் பாடுக என்று அறிவுறுத்தினார். பதினாறு வயதுப் பெண் அதைக் கேட்டு வாடவில்லை, ஏற்றுக்கொண்டார். அதன் பின்னரே பல்லக்குத் தூக்குவோரும் வளையல் விற்போரும் ஐதராபாத்துக் கடைவீதிகளும் அவர் பாட்டில் இடம்பெற்றனர். பிறருக்கு அறிவுரை கூறவல்லார், முதலில் தாம் அறிவுரை கேட்கவல்லராய் இருத்தல் வேண்டும் அன்றோ?

இல்லறம்

இங்கிலாந்து செல்லுமுன்பே, நிஜாம் அரசின் மருத்துவத் துறையினரான கோவிந்தராஜுலு நாயுடு அவர்களிடம் தேவியார் காதல் கொண்டிருந்தார். அவர் வேறு மொழியினர், வேறு குலத்தினர். அக்காலத்தில் அத்தகைய மணத்தை நினைத்தலும் அரிது. மகளை அயல்நாட்டிற்கு அனுப்பிய பெற்றோர், அவர் திரும்பி வந்த பின்னும் உள்ளம் மாறாமை கண்டு இசைந்தனர். 1898 டிசம்பரில் சென்னை மாநகரில், ஆந்திர நாட்டுச் சீர்திருத்தச் செம்மல் கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு முன்னின்று நடத்த, பதிவுச் சட்டப்படி திருமணம் நடைபெற்றது. ஜயசூரியா, பத்மஜா, ரணதீரர், லீலாமணி என மக்கள் நால்வர் பிறந்தனர்.

அவர்தம் இல்லம் நாம்பள்ளி ரயில் நிலையச் சாலையில் உள்ளது. 1905-இல் வெளிவந்த தேவியாரின் முதற் கவிதை நூலின் பெயராகிய கோல்டன் த்ரெஷோல்ட் என்பதே, பொன் வாயில் என்னும் பொருளில், அவ்வில்லத்திற்கும் பெயராயிற்று. 1974-இல் தோன்றிய ஐதராபாத் பல்கலைக்கழகம் தன் தொடக்க ஆண்டுகளில் அவ்வீட்டில்தான் இயங்கியது. அவ்வாயிலுக்குள் மதம் பார்த்து எவரையும் அனுப்பியதும் இல்லை, நிறுத்தியதும் இல்லை.

இவ்வில்லறத்தின் துன்பத்தையும் கூறாது விடலாகாது. தேவியார் உடல்நலம் வாய்த்தவர் அல்லர். இளமை முதலே நோயோடு போராடியவர். பொது வாழ்வில் இறங்கிய பின்னர் ஆண்டில் பெரும்பகுதி ஊர்ப்பயணத்திலும் சிறையிலும் கழிந்தது. மக்கள் தாயின் கடிதங்களையே பெரிதும் தாயாகக் கொண்டு வளர்ந்தனர். கணவர் பொறுமையோடு இல்லத்தைத் தாங்கினார். ஒருவரின் சிரிப்பு நாட்டிற்குப் பயன்படுவதற்கு, மற்றொருவர் வீட்டில் ஓசையின்றி உழைத்தல் வேண்டியிருந்தது. அம்மையாரைப் புகழும்போது அம்மருத்துவப் பெருமகனையும் நினைத்தல் நம் கடன்.

மூசி வெள்ளமும் பொதுவாழ்வும்

1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் மூசி ஆறு கரைபுரண்டு பெருகி, நகரின் பெரும்பகுதியைச் சூறையாடிற்று. பல்லாயிரவர் மாண்டனர். அவ்வூழியின் பின்னரே உஸ்மான் சாகர் அணை கட்டப்பெற்று 1920-இல் முடிந்தது. கண்டிப்பேட்டை என்று நாம் வழங்குவது அதுவே. வெள்ளத்தால் வீடிழந்த மகளிர்க்கும் குழந்தைகட்கும் தேவியார் ஆற்றிய தொண்டைப் பாராட்டி, ஆங்கில அரசு கைசர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கிற்று. 1919-இல் ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்த பின்னர் அப்பதக்கத்தை அவர் திருப்பி அளித்துவிட்டார்.

தமிழகத்தோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. 1917 டிசம்பரில் இந்தியாவிற்கான அமைச்சர் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, ஆடவர்க்கு அளிக்கும் வாக்குரிமையைப் பெண்டிர்க்கும் அளித்தல் வேண்டும் என வேண்டிய மாதர் குழுவிற்குத் தலைமை தாங்கிச் சென்றவர் தேவியாரே. 1921-இல் சென்னை மாகாணம் பெண்டிர்க்கு வாக்குரிமை நல்கிற்று. 1924-இல் தென்னாப்பிரிக்கா சென்று அங்குள்ள இந்தியர் காங்கிரஸுக்குத் தலைமை ஏற்றார். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் அவர் உரையைக் கேட்கத் திரண்டனர். வந்தேறிய குடியில் பிறந்தவர், வந்தேறிய குடிகளின் துயரைக் கூறாமலே உணர்ந்தார். 1925-இல் கான்பூர்க் காங்கிரஸுக்குத் தலைவரானார். இந்திய மாதருள் அப்பெருமை முதலில் எய்தியவர் அவரே.

காந்தியடிகளும் தேவியாரும்

தேவியாரின் நகைச்சுவை முழு ஒளியோடு விளங்கிய இடம் காந்தியடிகளின் அருகே. 1914-ஆம் ஆண்டு ஆகஸ்டில், இலண்டனில் அடிகள் தங்கியிருந்த இல்லத்தைத் தேடிப் படியேறிச் சென்றார். தென்னாப்பிரிக்காவில் அரசை எதிர்த்து நின்ற பெருவீரரைக் காணும் ஆவலோடு சென்றவர் கண்டது யாது? தலை மழித்த சிறிய உருவம் ஒன்று, சிறைக் கம்பளம் விரித்துத் தரையில் அமர்ந்து, மரக்கிண்ணத்தில் நசுக்கிய தக்காளியும் எண்ணெயும் உண்டுகொண்டிருந்தது. தேவியார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அடிகளும் சிரித்தார், தம்மோடு உண்ணுமாறு அழைத்தார். அவ்வுணவைக் கண்டு முகம் சுளித்துத் தேவியார் மறுத்துவிட்டார். முப்பத்து மூன்று ஆண்டு நீடித்த நட்பு அவ்வாறு தொடங்கிற்று.

அடிகளைச் சூழ்ந்திருந்தோர் பலரும் அவரைத் தெய்வமாகப் போற்றினர். தெய்வத்திடம் வரம் கேட்கலாம், குறை கூறலாமோ? தேவியார் அவரை மனிதராகவே கண்டார். அகன்ற செவிகளைக் கண்டு, படக்காட்சியில் வரும் மிக்கி மவுஸ் எலியின் பெயரைச் சூட்டினார். அடிகளோ தம் கடிதங்களில் அவரைப் புல்புல் பறவை என்று விளித்து மகிழ்ந்தார்.

அடிகளை வறுமையில் வைத்திருப்பதற்குப் பெருஞ்செல்வம் செலவாகிறது என்று தேவியார் கூறியதாக வழங்கும் செய்தியை அறியாதார் குறைவு. கேட்டவுடன் சிரிப்பு வரும். சிந்தித்தால் உண்மை விளங்கும். அந்நாளில் அடிகள் மூன்றாம் வகுப்பில் பயணம் செய்தார். ஏழையரோடு ஏழையராகச் செல்வதே அவர் கருத்து. ஆயின் அவர் வருகிறார் என்றால் நிலையந்தோறும் மக்கள் வெள்ளம்! அக்கூட்டத்தினிடையே அவருக்கு ஊறு நேராமற் காக்க எத்துணை ஏற்பாடுகள் வேண்டியிருக்கும் என்பதை ரயில்வேயில் பணிபுரிவோர் எளிதில் உணர்வர். எளிமையும் ஒரு சுமையாகலாம், அச்சுமையைப் பிறர் தாங்கவேண்டி வரலாம் என்னும் நுட்பமான குறையை வேறு எவரேனும் கட்டுரையாக எழுதியிருந்தால் பகை விளைந்திருக்கும். தேவியார் ஒரு நகைச்சொல்லில் அடக்கினார். நட்பு குன்றவில்லை, சொல்லும் நிலைத்துவிட்டது.

ஆசிரமத்தின் உப்பில்லா உணவைத் தேவியார் ஒருநாளும் புகழ்ந்தவர் அல்லர். நல்ல உணவிலும் நல்ல பட்டாடையிலும் நல்ல உரையாடலிலும் தமக்குள்ள விருப்பத்தை மறைத்தவரும் அல்லர். தம் பருமனையும் தோற்றத்தையும் தாமே நகைத்துக்கொள்வார். தம்மைத் தாம் நகைப்பவரிடம் பிறர் சினம் கொள்வது அரிது. இதுவே அவர் கலையின் அடிப்படை.

வாயிற்காவலரும் படைத்தலைவரும்

நகைச்சுவை உடையார் துன்பத்தில் தளர்வர் என்று எண்ணுவார் உளர். 1930-ஆம் ஆண்டு உப்புப் போர் அவ்வெண்ணத்தைப் பொய்ப்பித்தது. மே திங்களில் அடிகளும், அவருக்குப் பின் தலைமை ஏற்ற அப்பாஸ் தியாப்ஜியும் சிறைப்பட்டனர். தரசானா உப்பளத்தை நோக்கிச் செல்லும் தொண்டர் படைக்குத் தேவியார் தலைமை ஏற்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று, நோயுற்ற உடல். காவலர் வழிமறித்தபோது சாலையிலேயே அமர்ந்து, கோடை வெயிலில் நெடுநேரம் காத்திருந்தார். மே 21-ஆம் நாள், அடி விழுந்தாலும் தடுக்கக் கையுயர்த்தலாகாது என்று தொண்டர்க்கு ஆணையிட்டார். அணியணியாய்ச் சென்ற தொண்டர்கள் தடியடிபட்டு வீழ்ந்தனர், ஒருவரும் கையுயர்த்தவில்லை. வெப் மில்லர் என்னும் அமெரிக்கச் செய்தியாளர் அக்காட்சியை உலகெங்கும் அறியச் செய்தார். தேவியார் அன்றே கைதானார்.

1932 செப்டம்பரில், தாழ்த்தப்பட்டோர்க்குத் தனித்தொகுதி வழங்கும் அறிவிப்பை எதிர்த்து, எரவாடாச் சிறையில் அடிகள் உண்ணாநோன்பு பூண்டார். அதே சிறையின் பெண்கள் பகுதியில் இருந்த தேவியாரை அடிகளுக்குத் துணையாக வரவிட்டனர். அவர் செவிலியரும் ஆனார், வாயிற்காவலரும் ஆனார். அம்பேத்கர், எம்.சி. ராஜா, இராஜாஜி முதலிய தலைவர்கள் வருவதும் போவதுமாக இருந்த அந்நாள்களில், அடிகளின் உயிரோ ஊசலாடிக்கொண்டிருந்தது. எவரை விடுவது, எத்துணை நேரம் விடுவது, எவரை இன்சொல்லால் திருப்பி அனுப்புவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. செப்டம்பர் 24-இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 26-இல் நோன்பு முடிந்தது. ஒப்பந்தத்தின் வாசகத்தை எழுதியோரை வரலாறு நினைவில் வைத்துள்ளது. அவர்கள் பேசுதற்குரிய அமைதியை வாயிலில் நின்று காத்தவரையும் நாம் நினைத்தல் தகும்.

சிரிப்பால் இணைக்கலாகாதவை

இத்துணை ஆற்றல் வாய்ந்தவரும் தோல்வி கண்ட இடம் உண்டு. இந்து முஸ்லிம் ஒற்றுமையே தேவியாரின் உயிர்க்கொள்கை. ஐதராபாத்தில் பிறந்து, இரு சமயத்தாரோடும் கலந்து வளர்ந்தவர்க்கு அது நூலில் கற்ற கொள்கை அன்று, வீட்டின் இயல்பு. 1916-இல் காங்கிரஸும் முஸ்லிம் லீகும் லக்னோவில் உடன்பாடு கண்டபோது, அதற்குப் பாடுபட்ட ஜின்னாவை ஒற்றுமையின் தூதுவராகப் போற்றினார். 1918-இல் அவருடைய சொற்பொழிவுத் தொகுதிக்கு அறிமுகமும் எழுதினார். 1920-இல் ஜின்னா காங்கிரஸை விட்டு விலகினார். வழிகள் பிரிந்த பின்னும் தேவியார் நட்பை அறுத்துக்கொள்ளவில்லை. ஆயினும் 1947-இல் நாடு இரண்டாயிற்று. மறுஆண்டு அவர் பிறந்த ஐதராபாத் இராச்சியமே வன்செயலில் சிக்கிற்று. செப்டம்பரில் இந்தியப் படை புகுந்து, ஐந்து நாள்களில் நிஜாம் ஆட்சி பணிந்தது. அவ்வாண்டில் இந்நாட்டுச் சிற்றூர்களில் இரு சமயத்தாரும் பட்ட துன்பம் சிறிதன்று. ஒருவரையொருவர் அறிந்த நால்வரைச் சிரிப்பால் ஓரறையில் இருத்தலாம். அச்சத்தில் மூழ்கிய இலட்சக்கணக்கானோரை அவ்வாறு இருத்த இயலாது. அவர் கலையின் எல்லை இது. எல்லை உண்டு என்பதால் கலை வீண் என்று கூறலாகாது.

கூண்டுப் பறவை

1947 ஆகஸ்ட் 15-ஆம் நாள் ஐக்கிய மாகாணத்தின் ஆளுநராகப் பதவி ஏற்றார். அப்பதவிக்குக் குறிக்கப்பெற்ற மருத்துவர் பி.சி. ராய் அயல்நாட்டில் இருந்தமையால், அவர் வரும்வரை ஏற்ற பொறுப்பு அது. எங்கள் அலுவலக மொழியில் சொல்வதாயின் லீவ் வேகன்ஸி! ராய் பின்னர் மறுத்துவிட, பதவி நிலையாயிற்று. இந்தியாவின் முதற் பெண் ஆளுநர் என்னும் பெருமை இவ்வாறு வந்தது. காட்டுப் பறவையைக் கூண்டில் அடைத்துவிட்டனர் என்று தம் நிலையைத் தாமே நகையாடினார். ஆயினும் லக்னோ ஆளுநர் மாளிகையை மக்கள் வந்துசெல்லும் இல்லமாக்கினார்.

1948 ஜனவரி 30-ஆம் நாள் அடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்து வானொலியில் பேசிய தேவியார், அடிகளின் ஆவி அமைதியில் உறங்குக என்று வேண்டவில்லை. உறங்காதிருந்து எம்மை வழிநடத்துக என்று வேண்டினார். இறந்த பின்னும் அந்நண்பருக்கு ஓய்வு கொடுக்க அவர் உள்ளம் ஒப்பவில்லை போலும்.

அதன்பின் அவர் நெடுநாள் வாழவில்லை. 1949 மார்ச் 2-ஆம் நாள் லக்னோவில் மறைந்தார். இறுதி இரவில் செவிலியை ஒரு பாட்டுப் பாடுமாறு கேட்டு, அதைக் கேட்டவாறே துயின்றார் என்பர். கோமதி ஆற்றங்கரையில் அவர் உடல் எரியூட்டப்பெற்றது. மகளார் பத்மஜா பின்னர் 1956 முதல் 1967 வரை மேற்கு வங்கத்தின் ஆளுநராக விளங்கினார். வங்கத்திலிருந்து வந்த குடியின் பேர்த்தி, வங்கத்தை ஆளச் சென்றது காலத்தின் நல்லதொரு வேடிக்கை.

நாம் கொள்ளத்தக்கது

நகைத்து மகிழும் பண்பில்லாதவர்க்கு இவ்வுலகம் பகற்பொழுதிலும் இருளாகவே தோன்றும் என்பது வள்ளுவர் கருத்து. சிரிப்பு இருவகை. மெலியாரை நோக்கிச் சிரிப்பது ஒன்று, அது புண்படுத்தும். வலியாரை நோக்கியும் தம்மை நோக்கியும் சிரிப்பது மற்றொன்று. அது புண் ஆற்றும். தேவியாரின் சிரிப்பு இரண்டாம் வகை.

குடியிருப்பில் வாழும் நமக்கு இப்பண்பு பெரிதும் வேண்டற்பாலது. பத்துக் குடும்பங்கள் கூடினால் பதினொரு கருத்துகள் எழுகின்றன. விழா எந்நாளில், நாடகம் எவருடையது, முன்வரிசை நாற்காலி எவருக்கு என்பவற்றில் தோன்றும் சிறு பிணக்கு, ஆண்டுக்கணக்கில் பேச்சற்றுப்போகும் பகையாக வளர்வதை எங்கும் காண்கிறோம். தலைவரிடம் உண்மையை உரைப்பார் இலர். உரைப்பார் சினந்தே உரைக்கின்றனர். தலைவரும் சேர்ந்து சிரிக்கும்படி அவ்வுண்மையை எடுத்துரைக்க வல்ல ஒருவர், ஒவ்வொரு சங்கத்திற்கும் வேண்டும். அவருக்குப் பதவி வேண்டா, நாற்காலியும் வேண்டா.

மற்றொன்றும் உண்டு. ஐதராபாத் நமக்குப் பிழைப்பூர் என்று கூறும் வழக்கம் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை. பிறந்த ஊரை மறவாமை நன்றே. ஆயின் வங்கத்திலிருந்து வந்த குடியில் தோன்றிய ஒரு பெண்மணி இந்நகரத்தைப் பாடினார். இந்நகரத்தின் வெள்ளத்தில் தொண்டு செய்தார். இந்நகரம் அவரைத் தன் மகளாகக் கொண்டு சாலைக்கும் மருத்துவமனைக்கும் பெயர் சூட்டிற்று. ஊர் நம்மைத் தனதாக்கிக்கொள்ள, நாம் முதலில் ஊரை நமதாக்கிக்கொள்ளுதல் வேண்டும். நம் மக்கள் தமிழை வீட்டில் விடாது பேசட்டும். தெலுங்கும் உருதும் தெருவில் மகிழ்ந்து பேசட்டும். இரண்டும் ஒரு நாவில் அடங்கும்.

இனி எஸ்.டி. ரோடு வழியே செல்லும்போது, உடன்வரும் சிறுவர்க்கு அவ்வெழுத்துகளின் விரிவைச் சொல்லுங்கள். மிக்கி மவுஸ் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவர்கள் சிரிப்பர், சிரித்தது மறவாது.

வாழ்க சரோஜினி தேவியார் புகழ்! வளர்க நம் சங்கம்! வெல்க தமிழ்!